விழத் தெரிந்தவர்களிடம் கற்க என்ன இருக்கிறது?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்கிறார்: "ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்தில் மூழ்கிவிடுகிறான். யார் ஜெயிப்பது என்று முன்பே பேசிவைத்து ஆடும் நாடகம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், 'வாழ்க்கைக்கு வேண்டிய பாடம் நிறைய இருக்கிறது அப்பா' என்கிறான். உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, அல்லது ரிமோட்டைக் கொடுக்காமலிருக்க ஒரு சாக்கா?"

சாக்குதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனாலும் பையன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அவன் மனதில் இருப்பது ஒருவேளை துணிச்சல், விடாமுயற்சி, எதிரியை வீழ்த்துவது போன்றவையாக இருக்கலாம். அவற்றைக் கற்றுக்கொள்ள மல்யுத்தம் தேவையில்லை. இந்தத் தொழிலில் மட்டுமே கிடைக்கிற பாடம் வேறு. எப்படி விழுவது, நம்மிடம் தன் உடலை ஒப்படைத்தவனை எப்படிக் காப்பது என்பதுதான் அது.

முதலில் 'நாடகம்' என்ற குற்றச்சாட்டை முடித்துவிடுவோம். அது ஒன்றும் நாம் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. 1989இல் அந்த நிறுவனமே நியூ ஜெர்சி மாநில செனட்டில் ஒப்புக்கொண்ட விஷயம் அது. போட்டி விளையாட்டு என்றால் அரசின் விளையாட்டு ஆணையம் மேற்பார்வைக்கு வரும், அதற்குக் கட்டணமும் உண்டு. எனவே 'நாங்கள் நடத்துவது பொழுதுபோக்கு' என்று கையை விரித்துவிட்டார்கள். காசு மிச்சமாகும் என்றால் எவ்வளவு பழைய ரகசியமும் வெளியே வந்துவிடும். அதுவரை அந்த ரகசியத்தை எவ்வளவு கறாராகக் காத்தார்கள் தெரியுமா? 1987இல் மேடையில் ஜென்மப் பகைவர்களாக மோதிக்கொண்டிருந்த ஜிம் டக்கனும் அயர்ன் ஷேக்கும் ஒரே காரில் போகும்போது நியூ ஜெர்சியில் போலீசாரிடம் பிடிபட்டார்கள். காரில் போதைப்பொருள் இருந்தது ஒரு பக்கம். பகைவர்கள் ஒன்றாகப் பயணம் செய்தது அம்பலமானது அதைவிடப் பெரிய தலைவலி. இருவருக்கும் வேலை போயிற்று.

நம் குமரி மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் குழப்பமே வரக்கூடாது. ராவணன் சாவான் என்று தெரிந்துதான் கோயில் திடலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். எப்படிச் சாகிறான் என்பதைப் பார்க்கத்தான் கண் விழித்தார்கள். மல்யுத்த மேடையிலும் முடிவு மட்டும்தான் பேசிவைக்கப்பட்டது. விழுகிற உடலும் அதன் எடையும் தரையும் நிஜம். அந்தத் தரையை மெத்தை என்று பலர் நினைக்கிறார்கள். எஃகுச் சட்டங்கள், அவற்றின் மேல் மரப்பலகைகள், பலகை மேல் மெல்லிய நுரை விரிப்பு, அதற்கு மேல் இழுத்துக் கட்டிய கித்தான், அவ்வளவுதான். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் ஒருவர் தலை உயரத்திலிருந்து அதன் மேல் மல்லாக்க விழுகிறார். பிறகு எழுந்து இன்னொரு முறை விழுகிறார்.

பயிற்சிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதலில் அடிக்கச் சொல்லித் தருவதில்லை. விழத்தான் சொல்லித் தருகிறார்கள், அதுவும் அலுத்துப் போகும் வரை. தாடையை நெஞ்சோடு சேர்த்துக் குனித்துக்கொள்ள வேண்டும், பின்மண்டை தரையில் படவே கூடாது. முதுகின் மேற்பாகம் முழுவதும் ஒரே நேரத்தில் தளத்தில் பட வேண்டும். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி உள்ளங்கையால் தளத்தை ஓங்கி அறைய வேண்டும். மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். இதெல்லாம் எதற்கு என்றால், விழும் வேகத்தை ஒரே புள்ளியில் வாங்காமல் உடம்பு முழுக்கப் பரப்பிவிடத்தான். பழகாதவன் என்ன செய்வான்? விழும்போது கையைத் தரையில் ஊன்றுவான். இரண்டு பருவமழையும் பெய்து முற்றமெல்லாம் பாசி பிடிக்கும் ஊர் நம்முடையது. வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைக் கேளுங்கள், முக்கால்வாசிப் பேர் கையை ஊன்றித்தான் விழுந்திருப்பார்கள். விழக்கூடாது என்று விறைத்த உடம்புதான் உடைகிறது.

இதை வாழ்க்கைக்குப் பொருத்தச் சொன்னால் நான் ரப்பரைக் காட்டுவேன். 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியிருந்த விலை 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. குலசேகரம், அருமனைப் பக்கம் அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உயர்ந்த விலையை நம்பிக் கடன் வாங்கி மாடி கட்டியவர்கள் ஒரே புள்ளியில் அடி வாங்கினார்கள். கொஞ்சம் வாழை, கொஞ்சம் அன்னாசி, வீட்டில் ஒருவருக்கு மாதச் சம்பளம் என்று வைத்திருந்தவர்களுக்கும் அடி விழுந்தது, ஆனால் அது பரவலாக விழுந்தது. 'விழமாட்டேன்' என்று யாரும் தனக்குத்தானே உத்தரவாதம் கொடுத்துக்கொள்ள முடியாது. தலை தப்பும்படி விழ மட்டும் முன்கூட்டியே பழகிக்கொள்ளலாம்.

அடுத்தது இதைவிட முக்கியமானது. மல்யுத்த மேடையில் ஒருவர் இன்னொருவரைத் தலைகீழாகத் தூக்கும் அந்த நொடியில், தூக்கப்பட்டவரின் கழுத்து முழுக்க முழுக்கத் தூக்கியவர் பொறுப்பில் இருக்கிறது. பார்க்கிற நமக்குக் கொலைவெறி தெரிகிறது, உள்ளே நடப்பது அதற்கு நேர்மாறு. கழுத்தைப் பிடித்து நெரிப்பதாகக் காட்டும்போது கையை லேசாக அழுத்திக் கேட்பார்கள்: சரியாக இருக்கிறாயா? எதிராளி பதிலுக்கு அழுத்தினால் சரி என்று பொருள். பதில் வரவில்லை என்றால் ஏதோ கோளாறு. நடுவரும் விழுந்து கிடப்பவரிடம் குனிந்து கையைப் பிடித்துப் பார்ப்பார். காயம் நிஜம் என்று தெரிந்தால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பெருக்கல் குறிபோலக் காட்டுவார். அடுத்த முறை உங்கள் மகன் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளை மட்டும் கவனியுங்கள். சண்டையைவிட அது சுவாரசியமாக இருக்கும்.

இந்தப் பொறுப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1997 ஆகஸ்ட் 3 சாட்சி. ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்துக் கீழே இறக்கினார். அண்டர்டேக்கர் என்ற மல்லர் இதைச் செய்யும்போது முழங்காலிட்டு இறங்குவார், எதிராளியின் தலை தரையில் மோதாது. ஓவன் அன்று உட்கார்ந்தபடி இறங்கினார். ஆஸ்டினின் தலை தளத்தில் மோதிக் கழுத்து அடிபட்டது. சற்று நேரம் அவருக்குக் கைகால் அசையவில்லை. ஓவன் கூட்டத்தை வம்புக்கு இழுத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தினார். ஆஸ்டின் எப்படியோ ஊர்ந்து வந்து ஒப்புக்கு ஒரு பிடி போட, ஓவன் தானாகவே அதில் சிக்கி, பேசிவைத்தபடி தோற்றார். ஆஸ்டின் அதற்குப் பிறகும் பெரும் நட்சத்திரமாக வளர்ந்தார், ஆனால் அந்தக் கழுத்து அவரை விடவில்லை. 2003இல் விலகிவிட்டார். யாரும் யாரையும் வெறுத்து நடந்தது அல்ல இது. உட்கார்வதா, முழங்காலிடுவதா என்பதில் வந்த பிசகு.

எனக்கு இது புரிந்தது டி.வி. பார்த்து அல்ல. தக்கலைப் பக்கம் ஓர் ஆசானிடம் அடிமுறை என்னும் நம் ஊர்த் தற்காப்புக் கலையைச் சில ஆண்டுகள் பழகியவன் நான். நம் மாவட்டத்தின் மரபான ஆசான்களுக்கு அடிக்கவும் தெரியும், அடிபட்டவனை எழுப்பவும் தெரியும். உடம்பில் அடிபட்டால் ஆபத்தான இடங்களாக நூற்றெட்டு வர்மம் என்று கணக்குச் சொல்வார்கள், அதில் பன்னிரண்டு உயிருக்கே ஆபத்தான படுவர்மம். எந்த இடத்தில் தட்டினால் ஆள் சாய்வான் என்று காட்டித்தருவதற்கு முன், சாய்ந்தவனை இளக்கி எழுப்புகிற முறையை மாணவன் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த ஒழுங்கு. சுவடு, அதாவது காலடி, வைக்கப் பழகியதுமே வர்மம் கேட்டு நச்சரிக்கிறவனுக்கு அது கிடைக்காது. கோபக்காரனுக்கு ஒருபோதும் கிடைக்காது.

இதை மேடையிலிருந்தும் களரியிலிருந்தும் வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறு வருகிறது. கிணறு யாருக்கு, வழி யாருக்கு என்று ஆரம்பிக்கும். கூடப் பிறந்தவனின் வர்ம இடங்கள் நமக்குத்தான் மிக நன்றாகத் தெரியும். படிப்பு ஏறாமல் போனது, வெளிநாடு போய் வெறுங்கையோடு திரும்பியது, குழந்தை இல்லாதது, மனைவி வீட்டார் அவமதித்தது. ஒரு சொல் போதும், அவன் எழவே மாட்டான். வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள், வருவாய் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள், ஊர் கூட்டி நியாயம் கேளுங்கள், அதெல்லாம் சண்டைக்குள் வரும். அந்த ஒரு சொல் மட்டும் வேண்டாம். தகராறு தீர்ந்த பிறகும் அதே ஊரில் அதே கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர்கள் நீங்கள். நாளை இரவு வேறோர் ஊரில் இதே ஆளோடுதான் மேடையேற வேண்டும் என்பது மல்லர்களுக்கு எப்போதும் நினைவிருக்கிறது.

தோல்வியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம், ஏனென்றால் இந்தத் தொழிலில் தோற்பது ஒரு தனித் திறமை. ஸ்டீவ் லம்பார்டி என்றொருவர் இருந்தார், புரூக்ளின் ப்ராலர் என்ற பெயரில் மேடையேறுவார். அநேகமாகத் தோற்பதே அவர் வேலை. அதே நிறுவனத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். எத்தனையோ நட்சத்திரங்கள் வந்து உதிர்ந்தபோதும் அவருக்கு வேலை இருந்தது. புதிதாக வந்தவன் பலசாலி என்று கூட்டம் நம்ப வேண்டுமானால், அவனிடம் அடி வாங்குகிறவர் நம்பும்படி விழ வேண்டும் அல்லவா? நம் அலுவலகங்களிலும் இப்படி ஓர் ஆள் இருப்பார். மேலதிகாரிகளின் பெயர் பேப்பரில் வரும்படி கோப்புகளைச் சரியாக நகர்த்தி வைப்பார். அவர் ஓய்வு பெற்ற மறுநாள்தான் அவர் யார் என்று தெரியும்.

தோற்றவர் மேலே வந்த கதைக்கு எல்லோரும் ஜிந்தர் மஹாலைச் சொல்வார்கள். கனடாவின் கால்கரியில் பிறந்த பஞ்சாபி. மூவர் கொண்ட ஒரு கோமாளிக் குழுவில் தோற்றுக்கொண்டே இருந்தார். 2014இல் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். 2016இல் திரும்ப அழைத்தபோது ஆளே மாறி, கட்டுடலோடு வந்தார். 2017 மே 21 அன்று ராண்டி ஆர்டனை வென்று சாம்பியன் ஆனார். உழைத்தால் உயரலாம் என்பதற்கு இதை உதாரணம் காட்டுவது வழக்கம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நிறுவனத்துக்கு அப்போது இந்தியச் சந்தையின் மேல் கண் இருந்தது. இந்திய முகம் ஒன்று தேவைப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லிக்கே அவரை அழைத்து வந்து டிரிபிள் எச்சிடம் தோற்க வைத்ததும் அதே நிறுவனம்தான். வாய்ப்பு அவருடைய உழைப்பால் மட்டும் வரவில்லை, ஆனால் வந்த அன்று அவர் தயாராக இருந்தார். பிள்ளைகளிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியை மட்டும் சொன்னால், பிற்பாடு அவர்கள் நம்மைத்தான் பொய்யன் என்பார்கள்.

அண்டர்டேக்கரைப் பற்றிச் சொல்லாவிட்டால் தொண்ணூறுகளில் நாகர்கோவிலில் பள்ளிக்கூடம் போனவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பெட்டிக்கடையில் விற்ற மல்யுத்த அட்டைகளில் உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று அச்சிட்டிருக்கும், அதை வைத்து மதிய இடைவேளையில் விளையாடுவோம். அவருக்கு ஏழு உயிர் என்று ஒரு வதந்தி எல்லாப் பள்ளிகளிலும் இருந்தது. முற்றிலும் ஆதாரமில்லாத வதந்தி என்றும் சொல்ல முடியாது. 1994 ஜனவரியில் பத்துப் பேர் சேர்ந்து அவரைச் சவப்பெட்டியில் அடைத்து 'சாகடித்தார்கள்', அதே ஆண்டு கோடையில் அவரைப் போலவே வேடமிட்ட இன்னொருவரும் வந்தார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரெசில்மேனியா என்னும் ஆண்டுப் பெருவிழாவில் இருபத்தொரு முறை தோற்காதவர் அவர். 2014 ஏப்ரல் 6 அன்று பிராக் லெஸ்னரிடம் தோற்றார். போகிறவர் தன் பெயரைப் பின்னால் வருகிறவருக்கு விட்டுக்கொடுத்துப் போக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பழைய மரபு. ஆனால் அந்தத் தோல்வியை லெஸ்னருக்குக் கொடுத்தது வீண் என்பது என் கட்சி. அவர் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தவர். இளையவர் ஒருவருக்கு அது போயிருந்தால் ஒரு வாழ்க்கையே உருவாகியிருக்கும். விட்டுக்கொடுப்பதிலும் யாருக்கு என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். கடையை, சங்கத் தலைமையை, கோயில் கமிட்டிப் பொறுப்பைக் கைமாற்றுகிற நம் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வளைகுடா வேலைக்கு ஆள் அனுப்பும் மாவட்டம் நம்முடையது என்பதால் ஒப்பந்தத்தைப் பற்றிய பாடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கனடா நாட்டு மல்லர் பிரெட் ஹார்ட் 1996இல் இதே நிறுவனத்தோடு 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டார். மறு ஆண்டே முதலாளி வின்ஸ் மக்மேன், 'இவ்வளவு கொடுக்க முடியாது, போட்டி நிறுவனத்துக்குப் போய்க்கொள்' என்றார். தன் கடைசி முப்பது நாட்களில் கதை எப்படிப் போக வேண்டும் என்பதில் பிரெட்டுக்கும் உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. 1997 நவம்பர் 9, மான்ட்ரியல், சொந்த நாட்டு மக்கள் முன்னால் போட்டி. அன்று அவர் தோற்பதாகப் பேச்சில்லை. நடுவர் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். எதிராளி ஷான் மைக்கேல்ஸ் பிடிபோட்ட கணத்தில், பிரெட் பணியாமலே, மேடையோரம் நின்ற முதலாளி மணியை அடிக்கச் சொன்னார். நடுவரும் கைகாட்டினார். முடிந்தது, பிரெட் தோற்றதாகிவிட்டது. பிரெட் முதலாளியின் முகத்தில் காறித் துப்பினார், பிறகு உடை மாற்றும் அறையில் ஒரு குத்தும் விட்டார். அந்தக் குத்து மட்டும் பேசிவைத்தது அல்ல.

ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். வாங்கத்தான் வேண்டும். அத்துடன் மணி யார் கையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அங்கே போய் இறங்கிய பின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், சம்பளம் வராவிட்டால் எந்த ஊரில் எந்த மொழியில் புகார் கொடுப்பது, திரும்பிவர டிக்கெட் யார் எடுப்பது? இவற்றுக்கு விடை இல்லாத ஒப்பந்தம் பிரெட்டின் ஒப்பந்தம்தான். அவரும் மைக்கேல்ஸும் 2010 ஜனவரியில் மேடையில் கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்தக் கைகுலுக்கல் வரவே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கற்கக் கூடாதவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேடைக்கு வெளியே இந்தத் தொழில் தன் ஆட்களை நன்றாக வைத்திருக்கவில்லை. மல்லர்கள் ஊழியர்களாகக் கணக்கில் வருவதில்லை, தனித்தனி ஒப்பந்ததாரர்கள். சங்கம் கிடையாது. மேலே சொன்ன ஓவன் ஹார்ட் 1999 மே 23 அன்று கான்சாஸ் நகரில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் ஒரு வேடிக்கைக் காட்சியில் கொக்கி விடுபட்டுக் கீழே விழுந்து இறந்தார். அன்றைய நிகழ்ச்சியை நிறுத்தவில்லை, மீதியும் நடந்தது. எடி கெரேரோ என்ற மல்லர் 2005இல் 38 வயதில் இதயம் செயலிழந்து இறந்தார். அதற்குப் பிறகுதான் மருந்துச் சோதனையும் உடல் பரிசோதனையும் ஒழுங்குக்கு வந்தன. 2007இல் கிறிஸ் பென்வா என்ற மல்லர் மனைவியையும் மகனையும் கொன்று தானும் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டதால் வந்த கடுமையான சேதத்தைக் கண்டார்கள். நாற்காலியால் தலையில் அடிப்பதை 2010இல்தான் நிறுத்தினார்கள். 'வலியைக் காட்டிக்கொள்ளாமல் நிற்பவனே வீரன்' என்று உங்கள் மகன் இதிலிருந்து எடுத்துக்கொண்டால் அந்தப் பாடம் வேண்டவே வேண்டாம்.

ஆக, ரிமோட்டைப் பிடுங்க வேண்டியதில்லை. நேரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள், வாரம் ஒருநாள் கூட உட்காருங்கள். உங்கள் அப்பா அந்தக் கால மல்லர்களான தாராசிங்–கிங்காங் கதை சொல்லியிருப்பார், அதை எடுத்துவிடுங்கள், பையன் வாயைப் பிளப்பான். ஆர்வம் உண்மை என்று தெரிந்தால் ஜூடோவிலோ, ஒலிம்பிக் முறை மல்யுத்தத்திலோ, பக்கத்து ஆசானிடம் அடிமுறையிலோ சேர்த்துவிடுங்கள். ஜூடோவில் முதல் வகுப்பே விழுவதுதான். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் எங்கே பயிற்சி உண்டு என்று சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள்: வீட்டில் தம்பியைத் தூக்கிப்போட்டுப் பார்ப்பது. குறிப்பாகத் தலைகீழாகப் பிடித்து இறக்கும் அந்தப் பிடி. ஆஸ்டினின் கழுத்தைப் பதம்பார்த்த அதே பிடியை, வருடக்கணக்கில் பழகியவர்களுக்கே 2000இல் அந்த நிறுவனம் தடை செய்துவிட்டது. அண்டர்டேக்கருக்கும் அவருடைய தம்பியாக வேடமேற்ற கேனுக்கும் மட்டும்தான் விலக்குக் கொடுத்தார்கள்.